குறை சொல்லக்கூடாத வண்டி

டீச்சர் எழுதிய புகார் செல்பேசியில் வந்து விழுந்தபோது வக்கீல் ரப்பர் கிண்ணத்தில் பிளாஸ்டரைக் குழைத்துக்கொண்டிருந்தார். வக்கீல் என்றதும் கறுப்புக் கோட்டையும் நீதிமன்றப் படிக்கட்டையும் யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அவர் பல் செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் வாய்க்குள் எடுத்த அச்சை டப்பாவில் போட்டு அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு வைத்து, பல் பல்லாக அடுக்கி, பளபளவென்று தேய்த்துத் திருப்பி அனுப்புவார். யார் வாய்க்குப் போகிறது என்று இவருக்குத் தெரியாது. யார் கை வேலை என்று அந்த வாய்க்கும் தெரியாது. வக்கீல் என்ற பட்டம் அவர் ஓட்டும் காரால் வந்தது. அதே கம்பெனிக் கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு நடத்தினார்கள். ‘நம்ம குடும்பம்’ என்று அதற்குப் பெயர். கம்பெனியைப் பற்றி யார் ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னாலும் இவர் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். மைலேஜ் வரவில்லை என்றால் உங்கள் கால் கனம் என்பார். கடகடவென்று சத்தம் வருகிறது என்றால் சாலையைக் கவனியுங்கள் என்பார். ஏசி குளிரவில்லை என்று புலம்பிய ஒருவருக்கு, வெயிலைத் திட்ட வேண்டியதற்குப் பதில் வண்டியைத் திட்டுகிறீர்களே என்று எழுதி, புலம்பியவரையே சிரிக்க வைத்துவிட்டார். அன்றைக்கு வைத்த பெயர்தான் இது.

டீச்சரின் புகார் நீளமாக இல்லை. “எல்லாருக்கும் வணக்கம். நேத்து ஸ்கூல் விட்டு வரும்போது ஒரு வளைவுல ஸ்டியரிங் திடீர்னு கல்லு மாதிரி இறுகிடுச்சு. எவ்வளவு திருப்பியும் திரும்பல. செவுத்துல இடிச்சிட்டேன். பக்கத்துல உக்காந்திருந்த எங்கம்மாவுக்குக் கை முறிஞ்சிடுச்சு. ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணினா சாதாரணமாத் திரும்புது. வேற யாருக்காவது இப்படி ஆயிருக்கா?” கூடவே படங்கள். நசுங்கிய மூக்கோடு வண்டி ஒன்று, உள்ளே இருந்து எடுத்தது இன்னொன்று.

வக்கீல் படத்தை இரண்டு விரலால் விரித்தார். அவருடைய கண் மெழுகில் மயிரிழைக் கோணலையும் பிடித்துவிடும் கண். பெடலுக்குப் பக்கத்தில், தரை விரிப்பின் ஓரத்தில், குதிகால் உயர்ந்த செருப்பு ஒன்று கிடந்தது. அவ்வளவுதான், அவருக்குக் கேஸ் கிடைத்துவிட்டது. படத்தில் செருப்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார். “டீச்சர், நீங்க போட்ட படமே பதில் சொல்லுது. கல்லு மாதிரி இறுகினது ஸ்டியரிங்கா, பயத்துல உங்க கையான்னு யோசிச்சுப் பாருங்க. ஓட்டத் தெரியாதவங்களுக்கு எந்த வண்டியும் சரிப்படாது.” அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது கிண்ணத்தில் பிளாஸ்டர் கெட்டியாகிக் கரண்டியைக் கவ்விப் பிடித்திருந்தது. அதை உடைத்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் குழைத்தார். குழுவிலிருந்து சிரிப்புப் பொம்மைகள் வந்துகொண்டே இருந்தன. மஞ்சள் வண்டிக்காரர், அவர்தான் குழுவின் தலைவர், “வக்கீலய்யா வாதம் முடிஞ்சுது, தீர்ப்பும் வந்தாச்சு” என்று எழுதினார். இன்னொருவர், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை முட்டி போட வைப்பவர் வண்டியைச் சுவரில் முட்ட வைத்துவிட்டார் என்றார். டீச்சர் ஒன்றிரண்டு தடவை ஏதோ சொல்லப் பார்த்தார். மதியத்துக்குள் குழுவை விட்டுப் போய்விட்டார்.

வேடிக்கை என்னவென்றால், தன் தொழிலில் வக்கீல் இப்படிப்பட்டவரே இல்லை. செட் குத்துகிறது என்று டாக்டர் சொல்லி அனுப்பினால் ஏன், எப்படி என்று ஒரு கேள்வி கேட்கமாட்டார். குத்துகிறது என்று சொன்னால் குத்துகிறதுதான். குத்துகிற இடத்தைத் தேடித் தேய்த்துக் கொடுப்பார். வாயை வைத்திருப்பவரோடு வழக்காடி என்ன ஆகப்போகிறது. கார் என்று வந்தால் மட்டும் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். அதற்குக் காரணம் அவருக்கே தெரியும், வெளியில் சொல்லிக்கொள்ளமாட்டார். ஜன்னல் இல்லாத அந்த அறையில் அவர் இத்தனை காலம் உட்கார்ந்து வேலை செய்ததில் ஒரு மனிதர்கூட அவரை அண்ணா என்று கூப்பிட்டது கிடையாது. கார் வந்த பிறகு எங்கெங்கோ இருக்கிறவர்கள் அண்ணா என்கிறார்கள், வக்கீலய்யா என்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கூடினால் தோளில் கை போடுகிறார்கள். வண்டியைச் சொன்னால் தன்னைச் சொன்னதுபோல அவருக்குச் சுருக்கென்று தைத்தது அதனால்தான்.

அன்று சாப்பிடும்போது மகள் அவருடைய செல்பேசியை வாங்கி, அவர் எழுதியதை நாடகம்போல் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். மகள் பிசியோதெரபி படித்துவிட்டு ஒரு டாக்டரம்மாவிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பக்கவாதம் வந்து படுத்தவர்கள், இடுப்பு உடைந்தவர்கள் என்று வீடு வீடாகப் போய்க் கையையும் காலையும் அசைக்கப் பழக்கும் வேலை. அதற்காகவே கார் ஓட்டக் கற்றுக்கொண்டு அப்பாவின் வண்டியைத்தான் எடுத்துப் போனாள். “ஓட்டத் தெரியாதவங்களுக்கு எந்த வண்டியும் சரிப்படாது” என்ற இடத்தில் அவள் தட்டில் தாளம் தட்டினாள். வக்கீலுக்கு உச்சி குளிர்ந்தது. மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

“அந்தம்மாவோட அம்மாவுக்குக் கை முறிஞ்சிடுச்சுன்னு போட்டிருக்காங்களே. இப்ப எப்படி இருக்காம்?”

குழுவில் அதை யாரும் கேட்டிருக்கவில்லை. வக்கீல் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் மகளிடமிருந்து போன் வந்தது. “வண்டி மோதிடுச்சுப்பா” என்றாள். இவர் மெழுகு ஒட்டிய கையோடு ஓடினார். இரண்டு தெரு தள்ளி, மருந்துக்கடை முனையில் வண்டி ஒரு வீட்டு வாசல் தூணில் மோதி நின்றிருந்தது. சைக்கிளில் போன ஒருவர் கடைசி நொடியில் குதித்துத் தப்பியிருந்தார். முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. மகள் தரையில் மண்டியிட்டு அவர் காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் இவளை ஒன்றும் திட்டவில்லை, பரவாயில்லம்மா, பரவாயில்லம்மா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் அவள் எழுந்து வந்தாள்.

“ஸ்டியரிங் திரும்பலப்பா. நான் திருப்பினேன். அது திரும்பவே இல்ல.”

பெற்ற பிள்ளை உயிரோடு எதிரில் நிற்கிறது. கட்டிப்பிடித்து, உனக்கு எங்காவது அடியா என்று கேட்டிருக்க வேண்டும். வக்கீல் குனிந்து அவள் காலைப் பார்த்தார்.

“என்ன செருப்பு போட்டிருந்த?”

வேலைக்குப் போட்டுப் போகும் தட்டையான துணி ஷூதான் போட்டிருந்தாள். அவளும் குனிந்து தன் காலையே பார்த்தாள். வக்கீல் வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தார். பின்னால் எடுத்தார், இடமும் வலமும் ஒடித்தார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். வெண்ணெயாகத் திரும்பியது. “வண்டியில ஒண்ணும் இல்லடா. பதட்டத்துல இறுக்கிப் புடிச்சிருப்ப. புதுசா ஓட்டுறவங்களுக்கு வர்றதுதான், பழகிடும்” என்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “அப்படித்தான் போலிருக்கு” என்றாள்.

ஒடுக்கு எடுக்க வண்டியைச் சர்வீஸுக்கு விட்டார். அங்கே அவருக்கு மாப்பிள்ளை மரியாதை. மேனேஜர் தன் கண்ணாடி அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார், டீ வரவழைத்தார், குரலைத் தாழ்த்தினார்.

“சார், உங்ககிட்ட மறைக்கக் கூடாது. ஸ்டியரிங்குக்கு அடியில ஒரு மோட்டார் இருக்கு. அதுக்குப் போற ஒயர் ஜாயிண்ட் உங்க பேட்ச் வண்டிகள்ல சிலதுக்கு லூஸாயிடுது. அந்த நேரம் ஸ்டியரிங் இறுகிடும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும். மேலயிருந்து புதுப் பார்ட் அனுப்பிட்டாங்க. யார் வந்து சொன்னாலும் மாத்திக் குடுத்துடறோம். வெளியில மட்டும் பேசறதில்ல.”

“எங்க குரூப்ல ஒரு டீச்சர்...” என்று வக்கீல் ஆரம்பித்தார்.

“அவங்க வண்டியும் இங்கதான் வந்துச்சு. மாத்தியாச்சு. அவங்ககிட்ட மட்டும் சும்மா செக் பண்ணோம், வண்டியில ஒண்ணும் இல்லன்னு சொல்லி அனுப்பிட்டோம்.” மேனேஜர் சிரித்தார். “உண்மையச் சொல்லணும்னா நீங்க போட்ட பதிலத்தான் அவங்களுக்குக் காட்டினோம் சார். அதுக்கப்புறம் அவங்க பேசவே இல்ல.”

வக்கீலின் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து நான்கு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊரையே வாயால் மடக்குகிறவருக்கு அங்கே வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. இதை வெளியே சொன்னால் அடுத்த நிமிடம் குழுவில் தன் செருப்புக்கு யாராவது வட்டம் போடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். வட்டம் போடக் கற்றுக்கொடுத்தவரே அவர்தானே. மேனேஜர் கைகொடுத்தபோது கையை நீட்டினார். மாலையில் வண்டியை எடுக்கப் போனபோது ஒடுக்கு போன இடம் தெரியவில்லை, அந்தப் பார்ட்டையும் மாற்றியிருந்தார்கள், கேட்காமலே இருக்கைகளுக்குப் புது உறை மாட்டியிருந்தார்கள். வாசம்கூடப் போகாத அந்த உறைமேல் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வரும்போது, வீட்டுக்குப் போனதும் மகளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தார். உண்மையாகவே நினைத்தார்.

மகள் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அவளே ஆரம்பித்தாள். “அப்பா, டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன். இனி வீட்டு விசிட் வேண்டாம்னு. கிளினிக்கிலயே உக்காந்து டோக்கன் குடுக்கறேன், போன் எடுக்கறேன்னு சொன்னேன். சரின்னுட்டாங்க.”

“என்னடா இது, இதுக்காடா படிச்ச?” என்றாள் மனைவி உள்ளேயிருந்து வந்து.

“அந்த சைக்கிள்காரர் குதிக்காம இருந்திருந்தா என்னம்மா ஆயிருக்கும்? ஒருத்தர் கால சரி பண்ணப் போற வழியில இன்னொருத்தர் கால ஒடைக்கவா? எனக்கு ஓட்ட வராதும்மா. சில பேருக்கு வராது.” ஒரு சட்டையை உதறி மடித்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பி, “ஸாரிப்பா. குரூப்ல யாருக்காவது தெரிஞ்சா உங்க பேருதான் கெடும். நான் யார்கிட்டயும் சொல்லல” என்றாள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்ததை வக்கீல் மென்று விழுங்கினார். நாளைக்குச் சொல்லலாம், அவள் மனம் ஆறட்டும் என்று தனக்குத்தானே ஒரு வாய்தா வாங்கிக்கொண்டு அறைக்குள் போனார். மறுநாளும் வாய்தா. அதற்கு மறுநாளும். மகள் காலையில் பஸ்ஸில் போய், பிறர் எழுந்து நிற்பதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவள் நாற்காலியில் உட்கார்ந்து எண் கொடுத்துவிட்டு, மாலையில் பஸ்ஸில் திரும்பினாள். அவளிடம் பழகிய ஒரு கிழவர் வேறு யார் வந்தாலும் காலை அசைக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாராம். அதையும் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். வக்கீல் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. இவருடைய அறையில் பல் செட்டுகள் வரிசையாக உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. முன்பெல்லாம் அவற்றைப் பார்த்தால் வேலை முடிந்த திருப்தி வரும். இப்போது அவற்றைத் துணி போட்டு மூடினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டத்துக்கு எல்லாரும் குடும்பத்தோடு வர வேண்டும் என்று மஞ்சள் வண்டிக்காரர் உத்தரவு போட்டிருந்தார். மனைவி தலைவலி என்று படுத்துவிட்டாள். மகள், “பாவம், நீங்க தனியாப் போவீங்களா” என்று கூடவே கிளம்பி, முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள். பெரிய கடை ஒன்றின் பின்னாலிருந்த காலி மைதானத்தில் கார்கள் நிறம் நிறமாக வரிசை கட்டி நின்றன. ஆளாளுக்குத் தன் வண்டியின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வக்கீலின் வண்டி நுழைந்ததும் கைதட்டினார்கள். மஞ்சள் வண்டிக்காரர் ஓடி வந்து கதவைத் திறந்துவிட்டார்.

“என்ன பாப்பா, அப்பாவ ஓட்டவிட்டுட்டு நீ சொகுசா உக்காந்து வர்றியா? நீதான் ஓட்டிட்டு வருவேன்னு பாத்தோம்.”

வக்கீல் பேச்சை மாற்றப் பார்த்தார். அதற்குள் மகள் பதில் சொல்லிவிட்டாள். “எனக்கு ஓட்ட வராது அங்கிள். நானும் அந்த டீச்சர் கட்சிதான். அப்பா அன்னிக்கு எழுதினது எனக்கும் சேத்துத்தான்னு இப்பத்தான் புரிஞ்சுது.”

சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள். சொந்தப் பெண்ணையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டார் வக்கீல் என்று யாரோ சொன்னார்கள், அதற்கும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். தன்னைப் பற்றித் தானே முதலில் சொல்லிவிட்டால் பிறர் சொல்லும்போது வலிக்காது என்று நினைக்கிறவர்கள் சிரிக்கும் சிரிப்பு அது. அப்பாவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சிரித்தாள். வக்கீலும் சிரித்தார். அவருடைய சிரிப்பு அவர் காதிலேயே விழுந்தது. அதன் பிறகு யார் என்ன பேசினார்கள், யார் தோளில் கை போட்டார்கள், படம் எடுக்கும்போது எங்கே நின்றார் என்று அவருக்கு எதுவும் ஞாபகமில்லை.

திரும்பி வரும்போது, இருபுறமும் வீடுகள் இருந்த ஒரு குறுகலான தெருவில் வண்டியை ஓரங்கட்டினார்.

“என்னப்பா?”

வக்கீல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அன்னிக்கு உன் தப்பு இல்லடா. வண்டிதான். உள்ள ஒரு ஒயர் லூஸா இருந்திருக்கு. அதனாலதான் திரும்பல. இப்ப மாத்தியாச்சு.”

அவள் முகம் முதலில் மலர்ந்தது. தன் கையையே புரட்டிப் பார்த்துக்கொண்டாள். அந்த ஒரு கணம் வக்கீலுக்கு மூச்சு வந்தது. பிறகுதான் அவள் கேட்டாள்.

“எப்பத் தெரியும்ப்பா?”

“சர்வீஸுக்கு விட்ட அன்னிக்கு.”

“நான் டோக்கன் குடுக்கறேன்னு சொன்னேனே, அப்பத் தெரியுமா?”

“தெரியும்.”

“இப்ப, அங்க நின்னு நான் சிரிச்சப்போ?”

வக்கீல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். வெயில் கண்ணாடி வழியாகப் புது உறைமேல் விழுந்துகொண்டிருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வேறு யாரோ ஒருவரிடம் விசாரிப்பதுபோல் கேட்டாள்.

“அந்த டீச்சருக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

மகள் பெல்ட்டைக் கழற்றினாள். கதவைத் திறந்து இறங்கினாள். ஓங்கிச் சாத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார், அப்படிச் சாத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சாத்தினாள். வீடு இருக்கும் திசையில் நடக்க ஆரம்பித்தாள்.

வக்கீலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வண்டியைக் கிளப்பி அவள் பின்னாலேயே, அவள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்துகொண்டு போனார். ஜன்னலை இறக்கி இரண்டு முறை கூப்பிட்டார். அவள் நடையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஸ்டியரிங் ஒரு விரலுக்கு அடங்கித் திரும்பியது. கூட்டம் முடிந்து கிளம்பிய குழுவின் கார்கள் பின்னாலிருந்து வரத் தொடங்கின. நீலம், வெள்ளை, சிவப்பு என்று ஒவ்வொன்றாகத் தாண்டிப் போகும்போது ஹாரன் அடித்துக் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். வக்கீலும் கையைத் தூக்கினார், பாதியில் இறக்கினார். கடைசியாக மஞ்சள் வண்டி பக்கத்தில் வந்து வேகம் குறைத்தது. கண்ணாடி இறங்கியது. உள்ளே மஞ்சள் வண்டிக்காரரும் அவர் மனைவியும், பின் இருக்கையில் இன்னும் இரண்டு குழுக்காரர்களும் இருந்தார்கள்.

“என்ன வக்கீலய்யா, ஆமை மாதிரிப் போறீங்க? வண்டி ஏதும் மக்கர் பண்ணுதா?” என்று கேட்டுவிட்டு, நடக்கவே நடக்காத ஒன்றைச் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் அவரே சிரித்தார். பின் இருக்கையும் சிரித்தது.

முன்னால் போய்க்கொண்டிருந்த மகள் நின்றாள். திரும்பவில்லை. தோளில் பையும், காற்றில் லேசாக அசையும் பின்னலுமாக, முதுகைக் காட்டிக்கொண்டு தெருவின் நடுவே அப்படியே நின்றாள். வக்கீல் பிரேக்கை மிதித்தார். மஞ்சள் வண்டியும் நின்றது. பின்னால் வந்த வேறு ஏதோ ஒரு வண்டி வழி கேட்டு ஹாரன் அடித்தது. வக்கீல் வாயைத் திறந்தார். அவள் கழுத்து ஒரு பக்கமாக, காது இந்தப் பக்கம் வருகிற அளவுக்கு மட்டும், கொஞ்சமாகச் சாய்ந்திருந்தது.